காரைக்குடிப் பக்கம் கேரவனில் வருகிறவர்கள் பேட்டரி மாற்றும் முன் இதைப் படியுங்கள்

கேரவனிலோ, படுக்கை போட்டு மாற்றிய வேனிலோ செட்டிநாடு சுற்ற வருகிறவர்கள் கவனத்துக்கு. காரைக்குடியில் ஒரு பேட்டரி கடையில் எங்களிடம் 17,000 ரூபாயை அநியாயமாக வாங்கிவிட்டார்கள்.

எங்கள் வண்டியில் இரண்டு பேட்டரி. முன்னால் இருப்பது ஸ்டார்ட் செய்ய. உள்ளே இருப்பது விளக்கு, ஃபேன், சின்ன ஃபிரிட்ஜுக்கு. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் (என்ஜினோடு சுழன்று மின்சாரம் தருவது) இரண்டையும் சார்ஜ் செய்யும். நடுவில் ஒரு ஃபியூஸும், இரண்டையும் இணைத்துத் துண்டிக்கிற சுவிட்சான ரிலேயும் உண்டு. கானாடுகாத்தானில் தங்கிய இரவு ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. உள்ளே அம்மாவின் இன்சுலின். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. எதிர்வீட்டு ஆச்சி கதவைத் திறந்து, தன் ஃபிரிட்ஜில் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

காலையில் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்ஜினை ஓடவிட்டு முன் பேட்டரியில் மீட்டரை வைத்தார். 14.2 வோல்ட். "பாத்தீங்களாண்ணே, சார்ஜ் நல்லா ஏறுது. உள்ள இருக்குறதுலதான் செல் போயிருச்சு" என்றார். அந்த உள் பேட்டரியில் அவர் மீட்டரை வைக்கவே இல்லை. மருந்து விஷயத்தைச் சொன்னதும் எங்கள் அவசரம் அவருக்குப் புரிந்துவிட்டது. புதுசை மாட்டினார், பழையதற்கு ஒரு ரூபாய் கழிக்காமல் எடுத்துக்கொண்டார். வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்ன பில் இன்னும் வரவில்லை. வாரண்டி அட்டையில் சீலும் இல்லை.

புதுப் பேட்டரியிலும் சார்ஜ் இறங்கியது. தேவகோட்டையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் என்ஜின் ஓடும்போதே உள் பேட்டரியின் டெர்மினலில் அளந்தார். 12.1தான். "இங்க 14 வரணும்ணே, வர்ற வழியில எங்கயோ நிக்குது" என்றார். ஃபியூஸ் ஹோல்டர் கருகி உருகியிருந்தது. 400 ரூபாயில் வேலை முடிந்தது. பழைய பேட்டரியைக் கேட்டுக் காரைக்குடிக்குத் திரும்பிப் போனால், "அதை அப்பவே லோடு ஏத்தியாச்சு" என்கிறார்கள். அது கெட்டுத்தான் போயிருந்ததா என்பது இனி தெரியப்போவதில்லை. 1953 முதல் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இயங்குகிற, பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன ஊரில் இப்படி நடந்தது எனக்கு ஆறவே இல்லை.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் வண்டியில் இருக்கட்டும். லெட் ஆசிட் பேட்டரி என்றால், சார்ஜை நிறுத்திச் சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால் 12.6க்கு மேல் நிறைவு, 12.2 ஏறக்குறைய பாதி, 11.8 காலி. நிறுத்தியதும் அளந்தால் 13கூடக் காட்டும், அதை நம்ப வேண்டாம். அப்புறம் என்ஜினை ஓடவிட்டு, உள் பேட்டரியின் டெர்மினலிலேயே அளக்கச் சொல்லுங்கள். மெல்ல ஏறி 13.8 முதல் 14.4க்குள் வர வேண்டும். முன் பேட்டரியில் 14 காட்டி இங்கே அசையவே இல்லை என்றால் ஃபியூஸ், ரிலே, எர்த் ஒயர் இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நிறைந்த பேட்டரி ஃபிரிட்ஜைப் போட்டதும் மளமளவென்று 11க்குக் கீழே இறங்கினால், அப்போது செல் போனதாகச் சந்தேகப்படலாம். லித்தியத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சில புது பிஎஸ் 6 வண்டிகளில் ஆல்டர்னேட்டரே வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். அவற்றில் உள் பேட்டரிக்குத் தேவையான வோல்டேஜைத் தருகிற டிசி-டிசி சார்ஜர் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பில்லும் சீல் வைத்த வாரண்டி அட்டையும் கைக்கு வரும்வரை பழைய பேட்டரியை வண்டியிலிருந்து இறக்கவிடாதீர்கள்.