சீல் உடைக்காத வீடியோ கேம் பெட்டிகளும் குளச்சல் காற்றும்: 11 ஆண்டு அனுபவம்

என் அறையில் உள்ள ஈரப்பதமானி இன்று காலை 84 விழுக்காடு காட்டியது. மழை இன்னும் வலுக்கவில்லை. இரண்டு நாளாகக் கச்சான் காற்று மட்டும் வீசுகிறது. அலமாரியின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருக்கும் இன்னொரு மானியில் 46. இந்த இரண்டு எண்களும் ஒன்றாகிவிடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் 11 ஆண்டுகளாகப் பணத்தையும் தூக்கத்தையும் செலவழித்து வருகிறேன். சீல் உடைக்காத பழைய வீடியோ கேம்களைச் சேர்க்க ஆசைப்பட்டு என்னிடம் கேட்பவர்கள் எல்லாரும் விசாரிப்பது வேறோர் எண்ணை: அமெரிக்காவில் பெட்டியின் நிலையைப் பார்த்துப் போட்டுத்தரும் மதிப்பெண்ணை. அதற்கும் வருகிறேன்.

எனக்கு இது 2014-இல் குளச்சலில், எங்கள் பழைய வீட்டு மச்சில் கிடந்த ஒரு டிரங்குப் பெட்டியில் தொடங்கியது. சித்தப்பா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். 1990-களில் ஹூஸ்டன் துறைமுகத்தில் இறங்கியபோது வாங்கிய, நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாய்க்குரிய நான்கு விளையாட்டுகள், சட்டைத் துணிகளுக்கும் காலியான கோடாலித் தைலப் புட்டிகளுக்கும் அடியில் இருந்தன. மூன்று ஆடித் தேய்ந்தவை. நான்காவது பிரிக்கவே படாத ‘டாங்கி காங் லேண்ட்’. 1995-இல் வெளிவந்த விளையாட்டு. அட்டையில் ‘கே-ஏ’ என்ற முத்திரை இருக்கிறது. சிறுவர் முதல் பெரியவர் வரை ஆடலாம் என்பது அதன் பொருள். 1998-இல் அதை ‘இ’ என்று மாற்றிவிட்டார்கள். ஆகவே பெட்டி எந்தக் காலத்து அச்சு என்பதற்கு அந்த முத்திரையே சாட்சி.

சித்தப்பாவிடம் காட்டினேன். “உன் அண்ணனுக்கு வாங்கியது, மக்களே. நான் ஊர் வந்து சேர்வதற்குள் அவனுக்குச் சைக்கிள் ஆசை வந்துவிட்டது” என்றார். அவ்வளவுதான் அதன் வரலாறு.

உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ், அதாவது விளையாட்டு அடங்கிய பிளாஸ்டிக் வில்லை, வாழைப்பழ மஞ்சள் நிறம் என்று உலகத்துக்கே தெரியும். என் பெட்டிக்குள் இருப்பதை நான் பார்த்ததில்லை. சேமித்த ஆட்டத்தை நினைவில் வைக்க அதற்குள் ஒரு பட்டன் பேட்டரியும் உண்டு. முப்பது ஆண்டுகளில் அது அநேகமாகச் செத்திருக்கும், கசிந்தும் இருக்கலாம். பிரித்தால்தான் தெரியும், பிரித்தால் பொருளே போய்விட்டது. இந்தப் பொழுதுபோக்கின் கிறுக்குத்தனம் முழுவதும் இதில் அடங்கும். இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் மட்டும் மேலே படிக்கலாம்.

முதல் ஆண்டு செய்த தவறு இன்னும் கையில் இருக்கிறது. சிதலுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் பயந்து, பட்டுப்புடவைக்கு வைப்பதைப் போலப் பாச்சை உருண்டைகளை அலமாரியில் போட்டுவைத்தேன். ஒன்று உருண்டுபோய்ப் பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டு ஒன்றின் மேல் நின்றிருக்கிறது. அந்தக் குறுந்தட்டுப் பெட்டிகள் பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. நாப்தலின் ஆவி அதை இளக்கிவிடும். நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது மூடியில் ஒரு ரூபாய்க் காசளவுக்கு மங்கலான வட்டம். மேலே இருந்த கண்ணாடித்தாள் உறை அந்த இடத்தில் மூடியோடு ஒட்டிப்போயிருந்தது. நகத்தால் நிமிண்டினால் உறை கிழியும் என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் காட்டுவேன்.

அடுத்தது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். நல்ல பொருள், ஆனால் அளவு தெரியாமல் போட்டால் அதுவும் பகை. ஒருமுறை மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் கைநிறையப் போட்டுவிட்டு மறந்துபோனேன். ஈரப்பதம் 28-க்கு இறங்கியிருந்தது. கேம் பாய் பெட்டியின் அட்டை முன்பக்கம் வில்லாக வளைந்துவிட்டது. அட்டைக்கு நீரும் ஆகாது, வறட்சியும் ஆகாது. 40-க்கும் 50-க்கும் நடுவில் நிலையாக நிற்பதே அதற்குச் சுகம். வெப்பமும் கவனிக்க வேண்டியது: பெட்டியின் மேலிருக்கும் கண்ணாடித்தாள் உறை சூட்டில் சுருங்கும் இனம். ஓட்டுக் கூரைக்கு அடியில் ஏப்ரல், மே கழிந்தால் இன்னும் இறுகி அட்டையின் மூலைகளை நெரித்துவிடும்.

2017-இல் கேமராக்காரர்கள் லென்ஸ் வைக்கும் மின்சார உலர் அலமாரி ஒன்றை வாங்கினேன். இத்தனை ஆண்டுகளில் நான் வருத்தப்படாத ஒரே செலவு அது. வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல். எங்கள் தெருவில் ஒன்பது நாள் மின்சாரம் இல்லை. நான்காம் நாள் அலமாரிக்குள் 71. அம்மா விறகடுப்பில் அரிசியை வறுத்துத் துணிப்பையில் கட்டிக்கொடுத்தார். அதையும் மிச்சமிருந்த ஜெல்லையும் சேர்த்து, இறுக்கமான மூடியுள்ள அரிசி டிரம்முக்குள் பெட்டிகளை இறக்கினேன். ஒருவழியாகத் தப்பின. கடலுக்குப் போனவர்களைத் தேடிக் கடற்கரையில் ஊரே நின்றுகொண்டிருந்த நாள்கள் அவை. அப்போது நான் எதைப் பற்றிக் கவலைப்பட்டேன் என்பதை அம்மாவைத் தவிர வேறு யாரும் அறிய மாட்டார்கள்.

2019-இல் நாகர்கோவில் வெட்டூர்ணிமடத்துக்குக் குடிமாறினோம். உப்புக்காற்று குறைந்தது. குளச்சலில் ஆண்டுக்கொருமுறை துருப்பிடித்த கீல் இங்கே இன்றுவரை தாங்குகிறது. கடலோரத்தில் இருப்பவர்கள் இரும்பு பீரோவை மறந்துவிடலாம்.

போலி சீலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நின்டெண்டோவின் அட்டைப் பெட்டிகளில் பின்புறம் குறுக்கே ஓர் ஒட்டுக்கோடும், அதன் இரு முனைகளிலும் விளிம்பை ஒட்டி இரு கோடுகளுமாகச் சேர்ந்து ஆங்கில ‘எச்’ எழுத்தைப் போல இருக்கும். பிளேஸ்டேஷன் குறுந்தட்டுப் பெட்டிகளில் பரிசுப்பொதியைப் போல ஓரங்களில் ‘ஒய்’ வடிவ மடிப்பு. நான் ஏமாந்தது ஒரு பிளேஸ்டேஷன் பெட்டியில். இணையத்தில் வாங்கியது, 6,500 ரூபாய். மடிப்பே இல்லை, பக்கவாட்டில் தடித்த ஓர் உருக்குக்கோடு மட்டும். எங்கோ பார்த்த கோடு என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தேன். டிசம்பரில் பேக்கரியில் பிளம் கேக் வாங்கி மேசையில் வைத்தபோது பளிச்சென்று பிடிபட்டது: அதே கோடு, அதே மினுமினுப்பு. கேக் பெட்டிக்கு உறை போடும் இயந்திரத்தில் என் விளையாட்டுக்கும் யாரோ உறை போட்டிருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தேன். உள்ளே தட்டு மட்டும் அசல்.

இனி மதிப்பெண். 1985-இல் அமெரிக்காவில் நின்டெண்டோவின் வீட்டு விளையாட்டுக் கருவி இறங்கியபோது, தொடக்ககாலப் பெட்டிகளில் உறைகூடக் கிடையாது. வாயில் ஒரு சிறு வட்ட ஸ்டிக்கர்தான். அப்படி ஒரு ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ 2019-இல் 1,00,150 டாலருக்குப் போனது. 2021 ஜூலையில் ஒரே வார இறுதியில் ‘லெஜண்ட் ஆஃப் செல்டா’ 8,70,000 டாலர், அதற்கு இரண்டு நாள் கழித்து ‘சூப்பர் மரியோ 64’ 15,60,000 டாலர். நம் பணத்தில் 11 கோடிக்கு மேல். அந்தச் செய்தி வாட்ஸாப்பில் மார்த்தாண்டம் வரை வந்துவிட்டது. அதுவரை என்னை ஒருமாதிரி பார்த்த உறவினர்கள், சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் தங்களுக்கும் பங்கு உண்டா என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். அந்த மரியோவுக்கு மதிப்பெண் போட்ட வாட்டா நிறுவனத்தின் மீது சந்தை விலையை ஊதிவிட்டதாகக் குற்றம்சாட்டி அடுத்த ஆண்டே வழக்குத் தொடரப்பட்டது. அந்தச் செய்தியை எந்த உறவினரும் எனக்கு அனுப்பவில்லை.

எனக்கும் புத்தி கெட்டது. 2022-இல் டாங்கி காங்கையும் இன்னொன்றையும் அமெரிக்காவிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். பெட்டிக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண், உறைக்குத் தனியாக ஓர் எழுத்து. ‘ஏ’வுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அதுவே உச்சம். எட்டு மாதம் கழித்து டாங்கி காங் 8.5 என்றும், உறை ‘பி’யும் ஒரு கூட்டல் குறியும் என்றும் எழுதி வந்தது. கட்டணம், கூரியர், காப்பீடு, திரும்பி வரும்போது கட்டிய சுங்கவரி என இரண்டுக்கும் சேர்த்து 38,000 ரூபாய் ஆனது. வரி என் அசட்டையால் வந்தது. வெளியே அனுப்பியபோதே அது திரும்பி வரப்போகிற என் சொந்தப் பொருள்தான் என்பதற்கான தாள்களைச் சரியாகப் போட்டிருக்க வேண்டும்.

வந்ததை விளக்கின்கீழ் வைத்துப் பார்த்தேன். கெட்டியான அக்ரிலிக் கூடு, அழகான சீட்டு. லேசாகச் சாய்த்தால் பெட்டி உள்ளே அரை நூல் நகர்ந்தது. இடது கீழ்மூலையில் எறும்பின் தலையளவு வெள்ளைத் தழும்பு. அனுப்பும் முன் நான் எடுத்துவைத்த படத்தில் அது இல்லை. எழுதிக் கேட்டேன், பயணத்தில் ஆகியிருக்கலாம் என்று பதில் வந்தது. 8.5 என்பது தழும்புக்கு முந்தைய மதிப்பெண்ணா பிந்தையதா என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. அடுத்த மழைக்காலத்தில் கூட்டுக்குள்ளேயே உறையில் மெல்லிய அலை விழுந்தது. கூடு காற்றுப் புகாதது என்று நான்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். இப்போது அதுவும் உலர் அலமாரிக்குள், மூன்று பெட்டிகளின் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. விற்பவருக்கு மதிப்பெண் வேண்டும். நான் விற்பவன் இல்லை. மூன்றாவதை அனுப்பவில்லை.

என்னிடம் இப்போது 23 சீல் பெட்டிகள். அவற்றில் நான் அதிகம் எடுத்துப் பார்ப்பது 2009-இல் வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’. ஹைதராபாத்தில் உருவாகி பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த இந்திய விளையாட்டு. ஆட்டமாக அது சுமார்தான், ஒளிப்பதில் பயனில்லை. ஆனால் உறையின் மேல் ரூபாயில் விலை அச்சடித்த ஸ்டிக்கர் இருக்கிறது. வெளிநாட்டு மதிப்பீட்டாளருக்கு அது குறை. எனக்கோ அதுதான் பெட்டியின் பிறப்புச் சான்றிதழ். விலை ஸ்டிக்கரைச் சூடுகாட்டி உரித்துத் தருவதாகச் சொன்ன நண்பர் ஒருவருக்கு அதன்பிறகு அலமாரிச் சாவியை நான் கொடுப்பதில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கும் இதையே சொல்வேன்: நம் நாட்டில் விற்ற பிளேஸ்டேஷன் 2 பெட்டிகளிலிருந்து தொடங்குங்கள். விலை கைக்கு அடக்கம், தவறு செய்தாலும் தாங்கலாம். விளையாட்டை வாங்குவதற்கு முன் ஈரப்பதமானி வாங்குங்கள். எனக்கு அது 400 ரூபாய்தான் ஆயிற்று.

சென்ற ஆண்டு சித்தப்பாவின் பேரனுக்காக, பெட்டியில்லாத டாங்கி காங் கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் தனியாக வாங்கினேன். மஞ்சள்தான். பேரன் ஆட, சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து எந்த இடத்தில் குதிக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் ஒரு நொடி தாமதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அலமாரியைப் பார்த்து, “அதில் இருப்பதும் இதேதானா?” என்று கேட்டார். இதேதான் என்றேன். “பிறகு எதற்கு அதற்குக் கரண்டு?” என்றார்.

ஆரஞ்சு நிற ஜெல் மணிகள் நேற்றிரவு பச்சையாகிவிட்டன; ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். பழைய இரும்புச் சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி ஆரஞ்சுக்கு வரும். அடுப்பில் மீன் குழம்பு இருக்கிறது. இறங்குவதற்காகக் காத்திருக்கிறேன்.