வெள்ளவத்தையில் வீட்டை வாடகைக்குக் கொடுத்து நான் பட்ட பாடு

தந்தையாரின் சுகவீனம் காரணமாக 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாங்கள் வத்தளைக்குக் குடிபெயர்ந்தபோது, வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில் இருக்கும் எங்கள் மூன்று அறைத் தொடர்மாடி வீட்டை வாடகைக்குக் கொடுக்கத் தீர்மானித்தோம். தரகர் அழைத்துவந்தவர் மனைவி பிள்ளைகளுடன் குடிவரப்போவதாக மிகவும் பணிவாகப் பேசினார். மாத வாடகை 85,000 ரூபாய், முற்பணம் மூன்று மாதம் என்று பேச்சு முடிந்தது. ஒரு மாத வாடகையைத் தரகுக் கூலியாக வாங்கிச் சென்ற தரகர், பிரச்சினை தொடங்கிய பிறகு எனது அழைப்புகளை எடுக்கவேயில்லை.

நொத்தாரிசுக் (உறுதி, ஒப்பந்தம் போன்ற பத்திரங்களை எழுதி உறுதிப்படுத்துபவர்) கூலியையும் முத்திரைச் செலவையும் மிச்சம்பிடிக்கலாம் என்ற பேச்சைக் கேட்டு, கடையில் தட்டச்சுச் செய்த இரண்டு பக்கத் தாளில் கையொப்பமிட்டதுதான் நான் செய்த பெரும் பிழை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படாவிட்டால் அது செல்லாது என்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்தே வரும் விதி என்பதைச் சட்டத்தரணி பிற்பாடு விளக்கினார். வாடகைக்காரரை விரைவாக வெளியேற்ற உதவும் 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய குத்தகைக்கே பொருந்துமாம். எனது இரண்டு பக்கத் தாளுக்கு அந்தக் கதவும் திறக்கவில்லை.

நான்கு மாதம் வாடகை ஒழுங்காக வந்தது. ஐந்தாம் மாதம் முதல் முற்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னார் வாடகைக்காரர். எட்டாம் மாதம் முதல் ஒன்றுமே இல்லை. மின்கணக்கு எனது பெயரிலேயே இருந்தது. 2023 பெப்ரவரியில் கட்டணம் சராசரியாக 66 சதவீதம் உயர்ந்திருந்த நிலையில், மூன்று குளிரூட்டிகள் இரவுபகலாக ஓடிய அந்த வீட்டின் நிலுவை 118,000 ரூபாயாகி, சிவப்பு அறிவித்தல் எனக்கே வந்தது. தொடர்மாடியின் பராமரிப்புக் கட்டணமும் ஒன்பது மாதம் கட்டப்படவில்லை. அதற்கும் உரிமையாளன் நானே பொறுப்பு.

பன்னிரண்டாம் மாதம் நேரில் சென்றபோது வரவேற்பறையை ஒட்டுப்பலகையால் இரண்டாகத் தடுத்திருந்தார்கள். கதவைத் திறந்தவர் வாடகைக்காரர் அல்லர். மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் படிக்கவும் வேலை தேடவும் வந்த ஐந்து இளைஞர்கள் உள்ளே இருந்தார்கள். ஆளுக்கு ஆறு மாத முற்பணம் கொடுத்த பற்றுச்சீட்டுகளை எடுத்துக் காட்டி, “அங்கிள், வீட்டுக்காரர் அவர்தான் என்றல்லவா சொன்னார்” என்று கேட்டார்கள். குடும்பம் என்று சொன்னது ஒரு நாளேனும் அங்கே வாழ்ந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கோபத்துடன் படியேறிய எனக்கு, என்னைவிட அதிகமாக ஏமாந்தவர்கள் எதிரில் நிற்கும்போது கத்த வாய் வரவில்லை.

தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்துப் பூட்டை மாற்றிவிடு என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். அதைச் சட்டத்தரணி உறுதியாகத் தடுத்தார். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரின் விடயம், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் நீதவான் நீதிமன்றத்துக்குப் போனால், அங்கே பார்க்கப்படுவது வீடு யாருடையது என்பது அல்ல, வழக்குக்கு முந்தைய இரண்டு மாதங்களுக்குள் உடைமை யாரிடம் இருந்து பறிக்கப்பட்டது என்பதே. அப்படியாயின் நானே அவர்களை மீண்டும் குடியேற்ற வேண்டியதாகியிருக்கும்.

கடைசியில் இளைஞர்களிடம் பேசி, வேறு அறை தேட இரண்டு மாத அவகாசம் கொடுத்தேன். சொன்ன தேதியில் சாவியைத் தந்துவிட்டுப் போனார்கள். பன்னிரண்டாம் மாதம் வரை வராத ஐந்து மாத வாடகை 425,000 ரூபாயும் மின்நிலுவையும் என் தலையில் விழுந்தன. பொலிஸில் முறைப்பாடு செய்திருக்கிறோம். அடையாள அட்டைப் பிரதியில் உள்ள முகவரியை விட்டு அந்த வாடகைக்காரர் பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டாராம்.

இப்போது வந்திருப்பவர்களுக்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உப வாடகைக்கு விடக்கூடாது, மாதந்தோறும் மின்பட்டியல் கட்டிய சீட்டை அனுப்ப வேண்டும், முன்னறிவித்துவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பேன் என்பவை அதில் தெளிவாக உள்ளன. வெள்ளவத்தையில் அறை தேடும் பிள்ளைகளும் முற்பணம் கொடுக்குமுன், சாவி காட்டுபவரிடம் வீட்டின் உறுதிப் பத்திரத்தை, அல்லது உப வாடகைக்கு உரிமையாளர் எழுத்தில் கொடுத்த சம்மதத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.