புதூர் பட்டறையில் செய்த 1200 டிகிரி மஃபிள் ஃபர்னஸ்: பிஎச்.டி. லேப்புக்கு வாங்கலாமா?

மெட்டீரியல்ஸ் சயின்ஸில் பிஎச்.டி. சேர்ந்து, அதிலும் செராமிக் பக்கம் போய்விட்டீர்கள் என்றால், கோர்ஸ் ஒர்க் முடிந்த கையோடு உங்கள் நாட்கள் ஒரு ஃபர்னஸை, அதாவது சாம்பிளைச் சுடுகிற மின் உலையைச் சுற்றித்தான் ஓடும். எக்ஸ்ஆர்டிக்கும் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே சோதனை) எஸ்இஎம்முக்கும் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) சாம்பிளை வெளியே அனுப்பிக்கொள்ளலாம், மதுரை மாட்டுத்தாவணியில் காரைக்குடி பஸ் ஏறி அங்குள்ள ஆய்வுக்கூடத்தில் நேரிலேயே கொடுத்துவிட்டும் வரலாம். ஆனால் ஃபர்னஸ் நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் அதைச் சாயங்காலம் போட்டுவிட்டுப் போய், காலையில் திறந்து பார்த்து, சரியில்லை என்றால் அன்றைக்கே மறுபடி போட வேண்டும். எங்கள் லேப்புக்கு கே.புதூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்னப் பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கினோம். பெயர்ப்பலகைகூட இல்லாத இடம், ஃபர்னஸ் காயில் சுற்றுகிறவர் என்று கேட்டால் காட்டுவார்கள். வாங்கலாமா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கலாம். ஆர்டர் கொடுக்கும்போது எதையெதைக் கேட்டு வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது நல்ல ஃபர்னஸா இல்லையா என்பது.

உள்ளறை 6 அங்குல அகலம், 6 அங்குல உயரம், 12 அங்குல ஆழம். 3.5 கிலோவாட், சிங்கிள் ஃபேஸ். கேந்தல் ஏ-1 என்கிற சூடேற்றும் கம்பியில் சுற்றிய காயில், செராமிக் ஃபைபர் போர்டு இன்சுலேஷன், வெப்பத்தைச் சொன்ன அளவில் நிறுத்துகிற, புரோகிராம் போடுகிற பிஐடி கன்ட்ரோலர். 1200 டிகிரி என்று போட்டிருந்தாலும் தொடர்ந்து ஓட்டுவதற்கு 1150-ஐத் தாண்டாதீர்கள் என்று பட்டறை அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார், அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வந்தது. மூன்று கொட்டேஷன் வாங்கினோம், இதே அளவுக்கு வெளிமாநிலக் கம்பெனி ஒன்று கேட்டது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்தப் பணத்தை ஸ்காலர் தன் கையிலிருந்து போட முடியாது. யுஜிசியின் ஜேஆர்எஃப் ஃபெல்லோஷிப் வாங்குகிறவருக்கே மாதம் 37,000 ரூபாய்தான், சில்லறைச் செலவுக்கான கன்டின்ஜென்சி முதல் இரண்டு வருஷம் ஆண்டுக்கு 12,000. ஃபெல்லோஷிப்பே இல்லாமல் பாடம் எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள் நம் பக்கம் எத்தனையோ பேர். அதனால் கைடின் புராஜெக்டில் உபகரணத்துக்கு ஒதுக்கும்போதே இதைச் சொல்லி வையுங்கள்.

கரண்ட் விஷயம் ஒன்று. முழு வேகத்தில் ஓடும்போது 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சுவரில் இருக்கிற 16 ஆம்பியர் பிளக்கில் ராத்திரி முழுக்க ஓட்டினால் பிளக் இளகிவிடும். தனி லைன், 20 ஆம்பியர் எம்சிபி, ஒழுங்கான எர்த், இந்த மூன்றும் தயாரான பிறகு பெட்டியை உள்ளே கொண்டு வாருங்கள்.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். என் வேலை கேஎன்என், அதாவது பொட்டாசியம் சோடியம் நையோபேட். ஈயம் இல்லாத பீசோஎலக்ட்ரிக் செராமிக், அதாவது அழுத்தினால் மின்னழுத்தம் தருகிற வகை. சென்சாரிலும் அல்ட்ராசவுண்ட் கருவியிலும் இன்றைக்கும் அதிகம் ஓடுகிற பிஇசட்டி (லெட் ஸிர்கோனேட் டைட்டனேட்) செராமிக்கில் எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான். அதற்கு மாற்று கேஎன்என்னில் கிடைக்கலாம் என்று 2004-இல் ஜப்பானில் டொயோட்டா ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள் நேச்சர் இதழில் காட்டிய பிறகு உலகம் முழுக்க இதன் பின்னால் ஓடினார்கள். நானும் அந்த வரிசையில் கடைசியில் நிற்கிறேன். இதில் ஒரு சங்கடம், இது சின்டர் ஆகிற, அதாவது பொடி உருகாமலே ஒட்டிக் கெட்டியாகிற வெப்பநிலை சுமார் 1100 டிகிரி, உருக ஆரம்பிப்பது 1140 பக்கத்தில். இடையில் இருக்கிற இடம் ரொம்பக் குறுகல். 20 டிகிரி குறைந்தால் பெல்லெட்டில் (பொடியை அழுத்திச் செய்த வில்லையில்) துளை துளையாக நின்றுபோகும், அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 4.51 கிராம் என்ற முழு அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. 20 டிகிரி கூடினால் பெல்லெட் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், பொட்டாசியமும் சோடியமும் ஆவியாகிப் போய் எக்ஸ்ஆர்டியில் வேண்டாத பீக் எட்டிப் பார்க்கும். அதனால்தான் எனக்கு ஃபர்னஸ் எவ்வளவு தூரம் ஏறும் என்பதைவிட, அது காட்டுகிற 1100 நிஜமாகவே 1100-தானா என்பது பெரிய கேள்வி. உங்கள் பொருள் ஃபெரைட்டாக இருந்தாலும் திட எலக்ட்ரோலைட்டாக இருந்தாலும் இதே கேள்வி வரும், அளவுதான் மாறும்.

கன்ட்ரோலரில் ஒளிர்கிற எண் தெர்மோகப்புள் என்கிற வெப்பம் அளக்கும் கம்பியின் முனை உட்கார்ந்திருக்கும் இடத்தின் வெப்பம், பெல்லெட்டின் வெப்பம் இல்லை. எங்களுக்கு வந்த ஃபர்னஸில் அந்த முனை பின்சுவரைத் தாண்டி விரற்கடை அளவுகூட வெளியே வரவில்லை. அதை அப்படியே நம்பி ஓட்ட எனக்கு மனம் வரவில்லை, தங்கத்தை வைத்துச் சோதித்தேன். தங்கம் 1064.18 டிகிரியில் உருகும், உலக வெப்பநிலை அளவுகோலிலேயே அது ஒரு நிலைப்புள்ளி. தெற்காவணி மூல வீதிப் பக்கம் நகைப்பட்டறையில் கேட்டால் 24 கேரட்டில் மெல்லிய கம்பி இழுத்துக் கொடுப்பார்கள். கால் மில்லிமீட்டர் கம்பியில் அரை சென்டிமீட்டர் துண்டு ஐந்து மில்லிகிராம்கூட வராது, அதனால் விலையை நினைத்துப் பயப்பட வேண்டாம். உருண்டு மணியானதைத் திரும்ப எடுத்தும் வைத்துக்கொள்ளலாம். 22 கேரட் வாங்கிவிடாதீர்கள், அதில் சேர்ந்திருக்கும் செம்பு முன்னாலேயே உருக்கிவிடும். வெள்ளி மலிவாச்சே என்று சிலர் வெள்ளியை வைக்கிறார்கள். வெள்ளி காற்றில் உருகும்போது ஆக்ஸிஜனை உள்ளே இழுத்துக்கொள்ளும், அதனால் 961.8 என்று புத்தகத்தில் இருக்கிற உருகுநிலை பத்து டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். தங்கத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது.

செய்முறை சுலபம், பொறுமை மட்டும் வேண்டும். அலுமினா தட்டில் பின்பக்கம் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு, கதவுப் பக்கம் ஒரு துண்டு வைத்துவிட்டு, கன்ட்ரோலரில் 1040 வைத்துப் பத்து நிமிடம் நிறுத்தி, ஆறவிட்டுத் திறந்து பாருங்கள். கம்பி கம்பியாகவே இருந்தால் ஐந்து டிகிரி ஏற்றி மறுபடி. உருகியிருந்தால் சின்ன மணியாகச் சுருண்டு கிடக்கும், சந்தேகமே வராது. எங்கள் ஃபர்னஸில் நடுவில் வைத்தது கன்ட்ரோலர் 1050 காட்டும்போதே உருகியது, அதாவது உள்ளே நிஜ வெப்பம் அதைவிடப் பதினான்கு டிகிரி கூட. கதவுப் பக்கத் துண்டோ 1080 காட்டும்வரை அசையவில்லை. ஒரே தட்டில் நடுவிலும் கதவுப் பக்கமும் வைத்த பெல்லெட்டுகளுக்கு இடையே 30 டிகிரி வித்தியாசம்! ஒரே பேட்ச் என்று தீசிஸில் எழுதிவிட்டு, வைவாவில் ஏன் அடர்த்தி இப்படிச் சிதறுகிறது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்த கே.எஸ். கிருஷ்ணன், டெல்லி நேஷனல் பிசிக்கல் லேபரட்டரியின் இயக்குநராக இருந்த காலத்தில், மின்சாரத்தில் சூடாகும் கம்பியில் நடுவிலிருந்து முனைவரை வெப்பம் எப்படி இறங்கிக்கொண்டே போகிறது என்று கணக்கிட்டுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அவற்றைப் படித்துவிட்டு ஃபர்னஸுக்குள் எட்டிப் பார்த்தால் இந்த 30 டிகிரி ஆச்சரியமாகவே இருக்காது.

இந்த முடிவை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அண்ணன் முகம் சுளிக்கவில்லை. "தங்கத்தை வெச்சா பாத்தீங்க? கம்பி உருகினத காட்டுங்கம்மா" என்று அந்த மணியை லென்ஸ் வைத்துப் பார்த்தார். காசு எதுவும் வாங்காமல் நீளமான உறை போட்ட தெர்மோகப்புள் மாட்டி, முனையை உள்ளறையின் நடுவுக்குக் கொண்டுவந்து, கதவில் கூடுதலாக ஒரு ஃபைபர் அட்டையும் வைத்துக் கொடுத்தார். இப்போது நடுவில் நான்கு அங்குல நீளத்துக்கு வித்தியாசம் ஐந்து டிகிரிக்குள் நிற்கிறது. அந்த இடத்தில் மட்டும்தான் பெல்லெட் வைக்கிறோம். இதை ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள்.

தெர்மோகப்புளிலும் ஒரு பேச்சு இருக்கிறது. எல்லோரும் கே டைப்தான் மாட்டித் தருவார்கள், குரோமெல் அலுமெல் என்ற இரண்டு நிக்கல் கலவைக் கம்பிகள். மலிவு, ஆனால் 1000 டிகிரிக்கு மேல் காற்றில் நாள்பட ஓட்டினால் மெல்ல மெல்லப் பொய் சொல்ல ஆரம்பிக்கும், அது தெரியவும் தெரியாது. பிளாட்டினம் ரோடியம் போட்ட எஸ் டைப் நிலையானது, விலைதான் கையைக் கடிக்கும். நடுவழி வேண்டுமென்றால் என் டைப் கேளுங்கள். எதை மாட்டினாலும் கன்ட்ரோலர் அமைப்பில் அதே டைப் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கே டைப்போடு தொடரப்போகிறவர்கள் தங்கச் சோதனையை அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டும்.

பாதுகாப்பில் இந்தப் பட்டறை தானாகச் செய்யாத ஒன்று உண்டு, எனக்குப் பெரிய குறை அதுதான். காயிலுக்குக் கரண்டை விட்டு விட்டுக் கொடுப்பது எஸ்எஸ்ஆர் என்கிற சின்னப் பெட்டி. அது கெட்டுப்போனால் பெரும்பாலும் மூடிய நிலையில்தான் கெடும், அதாவது கரண்ட் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னாலும் கேட்காது. ராத்திரி ஆள் இல்லாத லேப்பில் இது நடந்தால் காயிலோடு போகும் என்று சொல்ல முடியாது. அதனால் தனியாக ஒரு இரண்டாவது தெர்மோகப்புள், வெப்பம் எல்லை மீறினால் வேலை செய்யும் தனி கட்-ஆஃப், அதன் பின்னால் கரண்டை அடியோடு துண்டிக்கும் ஒரு கான்டாக்டர் வேண்டும். சில ஆயிரம் ரூபாய்தான் கூடும். கேட்டால் செய்து தருகிறார்கள், ஆனால் நாம் கேட்கும்வரை சொல்வதில்லை. ராத்திரி ஓடப்போகிற ஃபர்னஸுக்கு இதைக் கேட்காமலே வைத்துத் தர வேண்டும் என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

கரண்ட் கட் பற்றியும் சொல்ல வேண்டும். மின்வாரியம் மாதாமாதம் பராமரிப்பு ஷட்டவுன் அறிவிக்கும், பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம். அறிவிக்காமல் போவதுதான் சிக்கல். கரண்ட் திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று கன்ட்ரோலரில் ஒரு அமைப்பு இருக்கும்: முதலிலிருந்து தொடங்கலாம், நின்ற இடத்திலிருந்து தொடரலாம், நின்றே போய்விடலாம். பட்டறையிலிருந்து வரும்போது முதலிலிருந்து தொடங்கும்படி வைத்திருந்தார்கள். சின்டரிங்குக்கு அது ஆகவே ஆகாது, 1100-இல் இரண்டு தடவை உட்கார்ந்த பெல்லெட்டில் பொட்டாசியம் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் கால்சினேஷனுக்கு (பெல்லெட் ஆக்கும் முன் பொடியைச் சுட்டு வினைபுரிய வைப்பதற்கு) தொடரும்படியும், சின்டரிங்குக்கு நின்றுவிடும்படியும் மாற்றி வைக்கிறேன். ஒரு பேட்ச் வீணாவது பரவாயில்லை, எந்த வரலாறு கொண்ட சாம்பிள் என்று தெரியாமல் அளந்து எழுதுவதைவிட.

இனி இந்தப் பட்டறையை நான் மனசாரப் பாராட்டுகிற இடம். காயில் ஒருமுறை அறுந்தது. அறுந்ததில் ஆச்சரியமில்லை. கேந்தல் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த உலோகக் கலவை, சூடானதும் மேலே அலுமினா தோல் ஒன்று பிடித்துக்கொள்ளும், அந்தத் தோல்தான் அதைக் காப்பாற்றுகிறது. நம் பொட்டாசிய சோடிய ஆவி அதைத்தான் அரிக்கிறது. அதோடு ஒருமுறை நன்றாகச் சூடேறிய கேந்தல் ஆறியபிறகு நொறுங்கிப்போகும் தன்மைக்கு வந்துவிடும், கையால் நெருடவே கூடாது. அண்ணனுக்கு போன் போட்டதும் மறுநாளே ஆள் வந்தார், அந்த வாரமே புதுக் காயில் ஓடியது. புதுக் காயிலை 1050-இல் காலிப் பெட்டியாகச் சில மணி நேரம் ஓட்டித் தோல் பிடிக்க வைத்த பிறகுதான் சாம்பிள் வைக்கச் சொன்னார். பாடப்புத்தகத்தில் ஆக்ஸைடு லேயர் என்று நாம் படிப்பதை அவர் கைப்பழக்கத்தில் வைத்திருக்கிறார். இதற்கு முன் எங்கள் துறையில் வெளியூர்க் கம்பெனி ஃபர்னஸ் ஒன்று இருந்தது. அதன் சர்க்யூட் போர்டு போய், சர்வீஸ் ஆள் வருவார் வருவார் என்று காத்திருந்தே ஒரு சீனியருக்கு ஒரு செமஸ்டர் கரைந்தது. யுஜிசியின் 2022 விதிப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருஷம், அதிகபட்சம் ஆறு. அந்தக் கணக்கில் சர்வீஸ் காத்திருப்பை யாரும் கழித்துத் தருவதில்லை.

ஆவியைக் குறைக்க நாங்கள் மூடி போட்ட அலுமினா க்ரூசிபிளில் (சூடு தாங்கும் கிண்ணத்தில்), அதே கலவைப் பொடியில் பெல்லெட்டைப் புதைத்து வைக்கிறோம். பெல்லெட்டுக்கும் நல்லது, காயிலுக்கும் நல்லது.

இன்னொரு குறை, கதவோரத்து ஃபைபர் உதிர்கிறது. செராமிக் ஃபைபர் தூசியை சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2பி பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. என்95 மாஸ்க் இல்லாமல் உள்ளறையைத் துடைக்காதீர்கள், துடைப்பம் போட்டுப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். கதவோரத்துக்குக் கெட்டிப்பூச்சு அடித்துத் தரச் சொன்னால் தருகிறார், உதிர்வது குறைந்திருக்கிறது.

பேரியம் டைட்டனேட், அலுமினா, ஸிர்கோனியா மாதிரி 1300-க்கு மேல் போக வேண்டியவர்கள் இதை வாங்க வேண்டாம். சிலிக்கான் கார்பைடு ராடு வைத்ததோ, இன்னும் மேலே போக மாலிப்டினம் டைசிலிசைடு வைத்ததோதான் தேவைப்படும், விலையும் வேறு உலகம். 1150-க்குள் வேலை முடிகிறவர்களுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். அந்த ஒன்றைக் குறைத்தது கட்-ஆஃப் கேட்காமல் வைக்காததற்கு. ஆர்டர் கொடுத்தால் ஒரு மாதம் பிடிக்கும், பங்குனி சித்திரையில் திருவிழா வேலைக்கு ஆட்கள் போய்விடுவார்கள், அப்போது இன்னும் தாமதமாகும். தெர்மோகப்புள் முனை எங்கே நிற்க வேண்டும், எந்த டைப், கட்-ஆஃப் தனியாக, இவற்றை பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள், வாய்ச்சொல்லில் விடாதீர்கள்.