900 ரூபாவுக்கு ஒரு ஹொக்கிக் கணக்குப்பிள்ளை

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஐஸ் ஹொக்கிக்காகக் காசு கட்டிச் செயலி எடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எல்லாம் ஸ்காபரோவில் இருக்கிற மச்சானால் வந்த வினை. ரொறன்ரோவில் இரவு 7 மணிக்குத் தொடங்குகிற ஆட்டம் குளிர்காலத்தில் எங்களுக்கு விடிய ஐந்தரை. நான் பல்லுத் தீட்டி, தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் நாலு வொய்ஸ் வந்து கிடக்கும், நாலும் ரொறன்ரோ அணியின் ஓஸ்டன் மத்தியூஸ் புராணம். "கிரெட்ஸ்கியாவது கிழங்காவது, இவன்தானடா கோல்காரன்!" கிரெட்ஸ்கி என்றால் எண்பதுகளின் ஹொக்கி மன்னன். இந்த வழக்கைத் தீர்க்கத்தான் மாதம் 900 ரூபாவுக்கு, வீரர்களின் கணக்கை ஒப்பிட்டுக் காட்டுகிற அந்தச் செயலியை எடுத்தேன். பெயர் சொல்லி வம்பை விலைக்கு வாங்க விருப்பமில்லை.

இரண்டு பேரின் பெயரைப் போட்டால் கோல், அசிஸ்ட் (மற்றவன் கோல் போடப் பந்து மாதிரியான அந்தத் தட்டைக் கொடுத்து உதவுவது), புள்ளி (கோலும் அசிஸ்ட்டும் கூட்டியது), களத்தில் நின்ற நிமிடம் எல்லாம் வரும். விளம்பரத்தில் பெரிதாகக் காட்டியது "நட்சத்திரமும் சராசரியும்" என்ற பொத்தானை. அழுத்தினேன். வட அமெரிக்காவின் பெரிய ஹொக்கி லீக்கான என்.எச்.எல்லில் 2023-24 பருவத்தில் மத்தியூஸ் போட்ட 69 கோல் பனைமரம் மாதிரி நிற்க, பக்கத்தில் "சராசரி வீரர்" என்று ஒரு வடலி. பார்க்க வடிவுதான், ஆனால் யார் அந்தச் சராசரி வீரர்? மூன்று பக்கம் தோண்டிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் பருவத்தில் ஒரே ஒரு ஆட்டத்துக்கு இறங்கியவனையும், கோல் போடுவதை முக்கிய வேலையாகக் கொள்ளாத பின்கள ஆட்டக்காரரையும் சேர்த்து ஆளெண்ணிக்கையால் வகுத்திருக்கிறார்கள். பதினோராவதாகத் துடுப்பெடுத்தாட வருகிறவனையும் சேர்த்துச் சராசரி எடுத்துவிட்டு, பார், இவன் எவ்வளவு பெரிய துடுப்பாட்டக்காரன் என்று சொல்வது போல. முன்கள வீரர் மட்டும், 40 ஆட்டத்துக்குக் குறையாமல் என்று வடிகட்டினேன், வடலி சடாரென்று வளர்ந்தது. ஆனால் செயலியை மூடித் திறந்தால் அந்த வடிகட்டல் அழிந்துபோகும், ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து போட வேண்டும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். களத்தில் நின்ற 60 நிமிடத்துக்கு எத்தனை கோல் என்று பிரித்துக் காட்டுகிற பக்கம் அருமை. முன்கள வீரர் நாலு வரிசையாக மாறி மாறி இறங்குவார்கள். பெரிய ஆட்டக்காரன் ஒரு ஆட்டத்தில் 20 நிமிடம் நிற்பான், கடைசியான நாலாம் வரிசைக்காரனுக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிய காரியம். இருவரும் 80 ஆட்டம் ஆடி, ஒருவன் 40 கோல், மற்றவன் 15 என்று வையுங்கள். மொத்தத்தில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நிமிடக் கணக்கில் 60க்கு ஒன்றரை எதிர் ஒன்று சொச்சம், அவ்வளவுதான். அதிலும் எதிரணியில் ஒருவன் தண்டனைப் பெட்டியில் குந்தியிருக்கிற பவர் பிளேயில் யாரை இறக்குவார்கள்? நட்சத்திரத்தைத்தான். அந்தக் கோல்களையும் தனியே பிரித்துக் காட்டுகிறது. அதற்காக நாலாம் வரிசைக்காரனுக்கு 20 நிமிடம் கொடுத்தால் 30 கோல் போடுவான் என்று நினைக்க வேண்டாம், எதிரணியின் நல்ல தடுப்புக்காரர் முன்னால் வந்து நின்றால் அந்தக் கணக்குக் கலையும்.

சரி, வழக்குக்கு வருவோம். 1981-82 இல் கிரெட்ஸ்கி 80 ஆட்டத்தில் 92 கோல், மத்தியூஸ் 81 ஆட்டத்தில் 69. செயலி இரண்டையும் அப்படியே பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறது. அந்தக் காலத்தில் ஒரு ஆட்டத்தில் இரு அணியும் சேர்ந்து சராசரியாக ஏறத்தாழ 8 கோல் போட்டன, 2023-24 இல் ஆறு சொச்சம். பலசரக்குக் கடைச் சிட்டையின் பின்பக்கத்தில் நானே கணக்குப் போட்டேன்: கிரெட்ஸ்கியின் 92 இன்றைய விலையில் 71 அளவில் வருகிறது. மச்சான் வென்றுவிடுவான் போலிருக்கிறதே என்று ஒரு கணம் பயந்துதான் போனேன். பிறகு இரண்டாமிடத்தைப் பார்த்தேன். அன்று மைக் பொசி 64, அதாவது 28 கோல் பின்னால். மத்தியூஸுக்கு அடுத்து சாம் ரெய்ன்ஹார்ட் 57, வெறும் 12 தான் இடைவெளி. பிரட்மனின் 99.94 எங்களுக்குப் பெரிதாகத் தெரிவதும் அடுத்தவர்கள் எல்லாம் அறுபதுக்குக் கிட்ட நிற்பதால்தானே. கிரெட்ஸ்கியின் 894 கோலையும் துடைத்து எறியுங்கள், மிச்சமிருக்கிற 1963 அசிஸ்ட்டே, மொத்தப் புள்ளியில் இரண்டாவதாக இருக்கிற யாகரின் 1921 ஐ விடக் கூட. இன்னொன்று, அவர் தம்பி பிரென்ற் அதே லீக்கில் 13 ஆட்டத்தில் 4 புள்ளிதான் எடுத்தார், ஆனாலும் அதிகப் புள்ளி எடுத்த இரு சகோதரர் சோடி இவர்கள்தான்! சராசரி வீரருக்கு இதைவிட நல்ல உதாரணம் அந்தப் பொத்தானில் இல்லை.

எடுக்கிறவர்கள் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுங்கள், நிறுத்துவதை மூன்று நாள் முந்தியே செய்யுங்கள். நான் நிறுத்திய பிறகும் அடுத்த மாதக் காசு பிடிபட்டது, முறைப்பாடு எழுதினால் இயந்திரம் நன்றி சொல்கிறது.

காலத்துக்கேற்பத் திருத்திய கோல் கணக்கு ஹொக்கி ரெபரன்ஸ் தளத்தில் சும்மா கிடக்கிறது என்று பிறகுதான் கண்டுபிடித்தேன். இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று மச்சானுக்கு வொய்ஸ் போட்டிருக்கிறேன். நீலச் சரி விழுந்திருக்கிறது, பதிலைக் காணோம்.