குன்னூர்ப் பையனை இப்போதே சாம்பியன் முன் நிறுத்தலாமா?

வெலிங்டன், குன்னூர்ப் பக்கம் குத்துச்சண்டை பழகும் பையன்களில் ஒருவன் ஜூனியரில் எல்லாரையும் அடித்துவிட்டால் உடனே பேச்சு கிளம்பிவிடும்: "சீனியர்ல அந்தச் சாம்பியனோட விட்டுப் பார்க்கலாமே!"

கணக்குக்கு ஒருவனை எடுத்துக்கொள்வோம். வயது 19, எடை 60 கிலோ, 18 ஆட்டத்தில் 17 வெற்றி. எதிரே 25 வயது மாநிலச் சாம்பியன். நூறு ஆட்டம் கண்டவர், மூன்று வருஷமாகத் தோற்காதவர். இந்த வருஷமே பெயர் கொடுப்பதா, ஒரு வருஷம் பொறுத்து நடுவில் பத்துப் பன்னிரண்டு ஆட்டம் ஆடவிட்டு இறக்குவதா?

இப்போதே இறக்கச் சொல்பவர்களின் பெரிய துருப்பு, மூச்சு. ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர். இங்கேயே வளர்ந்தவனுக்கு 1 நிமிட இடைவேளையில் இளைப்பு சீக்கிரம் அடங்கும். 3 நிமிடம் வீதம் 3 சுற்று ஆட்டத்தில் கடைசிச் சுற்றுக்கு இது உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் மெல்லிய காற்றில் நெஞ்சு பழகும் அளவுக்குக் கை வேகம் பழகாது. பேடில் (கோச் கையில் பிடிக்கும் மெத்தை) முழு வேகத்தில் அடிக்கும்போது சீக்கிரமே மூச்சு வாங்கும். பையன் தன்னை அறியாமல் வேகத்தைக் குறைத்து அடிக்கப் பழகிவிடுவான். வாரம் இரண்டு நாள் மேட்டுப்பாளையம் இறங்கி வேகப் பயிற்சி செய்தால் இது சரியாகும். காட் ரோட்டில் இறங்கி ஏற அலுத்துக்கொண்டு பலர் விட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது ஸ்பாரிங், அதாவது எதிரே ஆள் நிறுத்தி ஆடும் பயிற்சி ஆட்டம். மலையில் அதே எடையில் மூன்று பேர் கிடைத்தாலே அதிசயம். அந்த மூவரும் எப்போது எந்தக் கையை வீசுவார்கள் என்பது பையனுக்கு மனப்பாடம். 17 வெற்றி என்றதும் மலைத்துவிடாமல், எதிரே நின்றது யார் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

உண்மையான ஓட்டை ஜேபில், அதாவது முன்கையால் நேராக விடும் குத்தில் இருக்கிறது. போகும்போது நேராகப் போகும் இடக்கை, திரும்பும்போது கன்னத்துக்கு வராமல் நெஞ்சுக்கு வருகிறது. ஒரு சாண் இறக்கம்தான். சாம்பியனின் பிழைப்பே அந்த ஒரு சாணில் நடக்கிறது: வலக்கையுறையால் ஜேபைத் தட்டிவிட்டு, அதே கையை மேலாக விட்டுத் தாடையில் போடுவார். கனமான பையைக் குத்தாமல் தள்ளித் தள்ளிப் பழகுவதால் வரும் கோளாறு இது. போதாததற்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் காயாத கையுறை கனத்துப்போய்க் கையைக் கீழே இழுக்கும். (காகிதம் திணித்தால் மட்டும் போதாது, வாய் கீழாகக் காற்றாடத் தொங்கவிடுங்கள்.) ஜேப் இறங்கித் திரும்பும்போதெல்லாம் கோச் பேடால் கன்னத்தில் தட்டவேண்டும். தினம் 4 சுற்று, குறைந்தது ஆறு வாரம். அப்படியும் களைத்தால் பழைய பழக்கம் எட்டிப்பார்க்கும்.

வயதைக் காட்டிப் பயமுறுத்துவது வீண். 1976இல் வில்ஃப்ரெட் பெனிட்டஸ் 17 வயதில் 15 சுற்று ஆடி, அன்டோனியோ செர்வான்டஸ் என்ற சாம்பியனிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்தார். அதற்குள் 25 தொழில்முறை ஆட்டம் முடித்திருந்தார். 1996 ஒலிம்பிக் தங்கம் வாங்கிய டேவிட் ரீட், கையில் உலகப் பட்டத்தோடு 2000இல் ஃபெலிக்ஸ் டிரினிடாட் என்ற வீரரை எதிர்த்தபோது வயது 26, ஆனால் ஆடியது 14 ஆட்டம்தான். 3ஆம் சுற்றில் டிரினிடாடையே கீழே தள்ளினார். பிறகு 7ஆம் சுற்றில் ஒரு முறையும் 11ஆம் சுற்றில் மூன்று முறையும் தானே விழுந்து தோற்றார். முதல் திட்டம் செல்லாதபோது எடுக்க வேண்டிய இரண்டாவது சரக்கு, ஆடிய ஆட்டங்களிலிருந்துதான் வரும்.

அதற்காகப் பொறுத்தால் நஷ்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 19 வயது உடம்பு இன்னும் வளரும், அடுத்த வருஷம் 60 கிலோவில் நிற்பது கஷ்டம். குளிரில் தாகம் தெரியாமல் தண்ணீர் குறைவாகக் குடித்து 60இல் நிற்பவன், போட்டிக்குச் சென்னை போனால் அந்த வெக்கையில் இரண்டே நாளில் வற்றிப்போவான். அமெச்சூரில் ஆட்ட நாள் காலையிலேயே எடை பார்க்கிறார்கள். இழந்த நீரைத் திரும்ப ஏற்ற நேரம் கிடையாது. உடம்பு வெக்கைக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும், அதனால் எந்த வருஷம் ஆடினாலும் இரண்டு வாரம் முன்பே கீழே இறங்கியாக வேண்டும்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. 16 அவுன்ஸ் கையுறை, 3 சுற்று, சுற்றுக்கு ஒரு புது ஆள், அதில் ஒருவர் இடக்கைக்காரர். எல்லாரும் வெளியூர் ஆட்களாக இருக்கட்டும். மூன்றாம் சுற்றில் ஜேப் எண்ணிக்கை முதல் சுற்றில் பாதிக்கும் கீழே போகிறதா? கயிற்றோரம் நெருக்கும்போது கால் பின்னுகிறதா? பலமாக ஒன்று வாங்கியதும் எதிராளியைக் கட்டிப்பிடித்து நிதானத்துக்கு வராமல், ரோஷத்தில் கண்டபடி வீசுகிறானா? மூன்றிலும் தேறினால் இந்த வருஷமே பெயர் கொடுக்கலாம். ஒன்றில் சறுக்கினாலும் பொறுப்பதே மேல்; தலையில் அடிபட்டு ஆட்டம் நிறுத்தப்பட்டால் குறைந்தது 30 நாள் ரிங் பக்கமே போக முடியாது.

பொறுப்பது என்று முடிவானால் 60இல் பிடித்துவைத்துப் பட்டினி போடாதீர்கள். அடுத்த வருஷம் 65 கிலோவுக்குத் தயார் செய்யுங்கள். அங்கே வேறொரு சாம்பியன் இருப்பார்; அவருடைய ஆட்டங்களின் வீடியோவை இன்றைக்கே பார்க்க ஆரம்பிக்கலாம்.