தச்சுப் பட்டறைக்கு 134 வெள்ளியில (சிங்கப்பூர் டாலர்) மியூசிக் சிஸ்டம்

சிங்கப்பூர் காக்கி புக்கிட்ல நம்ம பட்டறை, ஆறு பேர் வேலை பாக்குறோம், காலைல ஒலி 96.8 தமிழ் ரேடியோ பாடுனாதான் எல்லாருக்கும் கை ஓடும். ரெண்டு வருஷமா சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர்ல ஓட்டுனோம், மத்தியானமே சார்ஜ் தீந்துடும்.

இப்ப வாங்குனது உள்ளங்கை சைஸ் க்ளாஸ்-டி ஆம்ப் (பாட்டுக்கு பவர் ஏத்தி ஸ்பீக்கருக்கு அனுப்புற பெட்டி, க்ளாஸ்-டின்னா கரண்ட்ட அதிகம் வீணாக்காத வகை), உள்ள டிபிஏ3116 சிப், ப்ளூடூத்தும் இருக்கு, ஆன்லைன்ல 48 வெள்ளி. பெட்டில 100 வாட்னு பெருசா போட்டிருந்தாங்க ஆனா கூட வந்தது 12 வோல்ட் அடாப்டர். சாண்டிங் மெஷின் ஓடுறப்போ பாட்டே காணோம், வால்யூம் ஏத்துனா பிசிறடிக்குது, மனசே விட்டுப்போச்சு. அப்புறம்தான் கணக்கு போட்டேன்: 8 ஓம் (ஸ்பீக்கரோட மின்தடை அளவு) ஸ்பீக்கருக்கு 12 வோல்ட்ல ஒரு பக்கத்துக்கு 9 வாட்டுக்கு மேல சுத்தமா வராது, 24 வோல்ட்னா கிட்டத்தட்ட 36, வோல்ட் ரெட்டிப்பானா பவர் நாலு மடங்கு. சிம் லிம் டவர்ல சேஃப்டி மார்க் (இங்க மின்சாதனத்துக்கான பாதுகாப்பு முத்திரை) பாத்து 24 வோல்ட் அடாப்டர் எடுத்தேன், 18 வெள்ளி. ஆம்ப் பின்னாடி 24 வோல்ட் தாங்கும்னு போட்டிருந்தா மட்டும் மாத்துங்க.

ஸ்பீக்கர் செகண்ட் ஹேண்ட், ஜோடி 60 வெள்ளி. முதல்ல பாத்த ஜோடில கோன் சுத்தி இருக்கிற ஃபோம்ல விரல் வச்சேன், அப்பளம் மாதிரி பொடிஞ்சு கையோட வந்துடுச்சு, இந்த ஊரு புழுக்கத்துக்கு பழைய ஃபோம் நிக்கவே நிக்காது, அதனால ரப்பர் போட்டதா தேடி எடுத்தேன். சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரே பவருக்கு எவ்ளோ சத்தம் தரும்ங்கிற அளவு, 90 டெசிபல். 87 உள்ளதவிட பாதி வாட்லயே அதே சத்தம் தரும், சின்ன ஆம்ப் வச்சிருக்கவங்க இத கட்டாயம் பாக்கணும். வயர் 8 வெள்ளி, அவ்ளோதான்.

ரெண்டையும் தலைக்கு மேல பலகை அடிச்சு கீழ சாய்ச்சு வச்சோம், சனிக்கிழமை தோறும் மரத்தூள பிரஷ்ல தட்டுறோம். ரம்பம் ஓடுறப்போ மட்டும் பாட்டு நிறுத்தம், காதுக்கு மஃப். இங்க எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபல்தான் லிமிட், அதுக்கு மேல பாட்டையும் சேத்து ஏத்துறது காதுக்குதான் கேடு.

எங்க மூத்த ஆசாரி அண்ணன் உளிய கீழ வச்சுட்டு, "தம்பி, இந்தப் பாட்டுல தபேலா இவ்ளோ இருக்கா"ன்னு கேட்டாரு, இத்தன வருஷமா கேட்ட பாட்டு அது.

ஒரே குறை, ஆம்ப்ல எஃப்எம் கிடையாது. பழைய போன் ஒண்ண நெட்ல ரேடியோ கேக்குற மீலிசன் ஆப் போட்டு அதுக்குன்னே ஒதுக்கிட்டேன், சிம் கழட்டி வச்சதால நடுவுல கால் வர்ற தொல்லையும் இல்ல.