பார்பெல்லா, மெஷினா: பவர்லிஃப்டர்களுக்கான நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

போட்டி மேடையில் மெஷின் கிடையாது. ஸ்குவாட் (பாரை முதுகில் வைத்து உட்கார்ந்து எழுவது), பெஞ்ச் பிரஸ் (படுத்து மார்பிலிருந்து தள்ளுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து தூக்கி நிற்பது) மூன்றும் பார்பெல்லில்தான். ஒவ்வொன்றிலும் மூன்று முயற்சி. அதனால் பவர்லிஃப்டர் மெஷின் பக்கமே போகக் கூடாது என்று ஒரு கட்சி. பார் முதுகைக் கெடுக்கும், மெஷினில் உட்கார்ந்தால் பயமில்லை என்று இன்னொரு கட்சி. பல சீசன்கள் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்திப் பார்த்தால் இரண்டு வாதமும் நிற்காது. போட்டி எடையை ஏற்றுவது பார்தான். ஆனால் அந்தப் பாரை வாரா வாரம் தாங்கும் நிலையில் மூட்டுகளை வைத்திருப்பதில் மெஷினுக்குப் பெரிய பங்கு உண்டு. எந்த மெஷினை எடுப்பது என்று முடிவு செய்யும்போது, அது எந்தத் தசைக்கு வேலை கொடுக்கிறது என்பதோடு நிறுத்திவிடாமல், எந்த மூட்டுக்கு ஓய்வு கொடுக்கிறது என்றும் பாருங்கள். பவர்லிஃப்டருக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

பாரும் தட்டுகளும்

ஜிம்மில் கிடக்கும் நீளப் பார்கள் எல்லாம் ஒன்றல்ல. ஐபிஎஃப் (சர்வதேச பவர்லிஃப்டிங் கூட்டமைப்பு) விதிப்படி போட்டிப் பார் 20 கிலோ, நீளம் 2.2 மீட்டருக்கு மிகாது. பிடிக்கும் பகுதியின் விட்டம் 28 முதல் 29 மில்லிமீட்டர். தட்டு நழுவாமல் பிடிக்கும் காலர்கள் தலா 2.5 கிலோ என்பதால் தட்டு ஏற்றும் முன்பே 25 கிலோ ஆகிவிடும். பெஞ்சில் இரண்டு ஆள்காட்டி விரல்களுக்கு நடுவே 81 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பவர்லிஃப்டிங் பாரில் அந்த இடத்தில் வளைய அடையாளம் இருக்கும். ஒலிம்பிக் பளுதூக்கும் பாரில் அதே மாதிரி அடையாளம் 91 செ.மீ.யில் இருக்கும். அதைப் பிடித்தே பழகியவர் மேடையில் பக்கத்துக்கு 5 செ.மீ. உள்ளே வர வேண்டும். பார் நகரும் தூரம் கூடும், பாதி வழியில் நிற்கும் இடமும் மாறிவிடும். பயிற்சிப் பாரின் அடையாளத்தை ஒருமுறை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

தட்டுகள் இன்னும் மோசம். போட்டித் தட்டு குறிப்பிட்ட எடையிலிருந்து 0.25 சதவீதம் அல்லது 10 கிராமுக்கு மேல் விலகக் கூடாது. சாதாரண வார்ப்பு இரும்புத் தட்டுக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. எடைத் தராசில் வைத்து, உண்மை எடையைப் பின்புறம் பெயிண்டில் எழுதி, நெருக்கமான எடைகளை ஜோடி சேர்த்து வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். தடித்த ரப்பர் தட்டுகளில் டெட்லிஃப்ட் செய்வோர் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு: எடை பாரின் ஓரத்துக்குத் தள்ளிப் போவதால் பார் கூடுதலாக வளைகிறது, தட்டு தரையை விட்டுக் கிளம்பும்போது கை ஏற்கெனவே சற்று மேலே வந்துவிடுகிறது. மெல்லிய இரும்புத் தட்டில் அந்தச் சலுகை கிடைக்காது. ரப்பர் தட்டில் தூக்கிய எடையை நம்பிப் போட்டியில் முதல் முயற்சிக்கான எடையைச் சொல்ல வேண்டாம்.

எந்த மெஷினும் கற்றுத் தராத வேலைகள் சில உண்டு. பாரைத் தாங்கும் ரேக்கிலிருந்து எடுத்து இரண்டு மூன்று அடி பின்வாங்கி அசையாமல் நிற்பது, இடுப்பு மூட்டின் மேற்பரப்பு முழங்காலின் உச்சிக்குக் கீழே போகும்வரை இறங்குவது, மார்பில் பாரை நிறுத்தி நடுவரின் ‘பிரஸ்’ குரலுக்குக் காத்திருப்பது, டெட்லிஃப்டில் ‘டவுன்’ வரும்வரை பாரை விடாமல் நிற்பது. 2023 முதல் ஐபிஎஃப் பெஞ்சில் முழங்கை மூட்டின் அடிப்பகுதி தோள் மூட்டின் மேற்பரப்பு மட்டத்துக்காவது இறங்கியாக வேண்டும். முதுகை அதிகம் வளைத்து அகலப் பிடியில் அழுத்துவோர் இதைப் பாரில், பக்கவாட்டு வீடியோ வைத்துத்தான் சரிபார்க்க முடியும். தசை வளர்ச்சியில் பாருக்கும் மெஷினுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றும், எதில் பயிற்சி செய்கிறோமோ அதில் சோதித்தால்தான் பலம் அதிகமாகத் தெரியும் என்றும் 2023-ல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. ஜிம்மில் பார்ப்பதும் அதுவே. காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸில் 50 கிலோ கூடியது ஸ்குவாட்டில் 5 கிலோகூடக் காட்டாமல் போகலாம்.

பார் எங்கே தேய்க்கிறது

பவர்லிஃப்டிங் காயங்கள் 1,000 பயிற்சி மணிநேரத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 4.4 வரை என்று 2017-ல் வந்த மதிப்பாய்வு ஒன்று தொகுத்தது. பயமுறுத்தும் அளவல்ல. அடிமுதுகு, தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதில்லை. வாரா வாரம் சேர்வதுதான்.

அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது முழங்கை வலி. வலி தெரிவது பெஞ்சில், காரணம் பல நேரம் ஸ்குவாட்டில். பாரை முதுகில் தாழ்வாக வைத்து, கையைக் குறுகலாகப் பிடித்து, தோள் பின்னால் திரும்பாததால் மணிக்கட்டு மடங்கி, பாரின் ஒரு பங்கு எடையை முன்கை சுமக்கிறது. வாரம் இரண்டு ஸ்குவாட், மூன்று பெஞ்ச் என்றால் முழங்கையின் உட்புறம் ஆற நேரமே இல்லை. கையை ஒரு விரல் அகலம், பிறகு இன்னொரு விரல் அகலம் என வெளியே நகர்த்துங்கள், பெருவிரலைப் பாருக்கு மேலே வையுங்கள். அப்படியும் தீராவிட்டால் இரண்டாவது ஸ்குவாட் நாளை ஹேக் ஸ்குவாட்டுக்கோ (சாய்ந்த பலகையில் முதுகை வைத்துச் செய்யும் மெஷின்) பெல்ட் ஸ்குவாட்டுக்கோ (எடை இடுப்புப் பெல்ட்டில் தொங்கும் மெஷின்) மாற்றுங்கள். பெஞ்ச் பயிற்சியைக் குறைக்காமலே பல நேரம் வலி இறங்கிவிடும்.

டெட்லிஃப்டில் ஒரு கை உள்நோக்கி, ஒரு கை வெளிநோக்கிப் பிடிக்கும்போது உள்ளங்கை முன்னால் பார்க்கும் கையின் பைசெப்ஸ் தசைநாண்தான் அறுபடும் அபாயத்தில் இருக்கிறது. அதுவும் முழங்கையை லேசாக மடக்கி வெடுக்கென்று இழுக்கும்போது. வார்ம்-அப் செட்கள் எல்லாம் இரண்டு கையும் உள்நோக்கியே இருக்கட்டும். கடைசி செட்களில் மட்டும் பிடியை மாற்றுங்கள், டிரைசெப்ஸை இறுக்கிக் கையை நீட்டிவிட்ட பிறகு இழுங்கள்.

பெஞ்சில் தனியாகப் பயிற்சி செய்வோர் ரேக்கின் பாதுகாப்புக் கம்பியை, முதுகு வளைந்திருக்கும்போது மார்பு மட்டத்துக்குச் சற்றே கீழும், முதுகைத் தட்டையாக்கினால் கழுத்துக்கு மேலும் இருக்கும்படி வைக்க வேண்டும். காலிப் பாரில் ஒருமுறை சோதித்துவிட்டே எடை ஏற்றுங்கள். பெருவிரலைச் சுற்றாத பிடி ஐபிஎஃப் போட்டியில் அனுமதியில்லை, பயிற்சியிலும் தேவையில்லை.

மெஷின்கள், ஒவ்வொன்றாக

லெக் பிரஸ்தான் அதிகம் பேச வேண்டியது, அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். 45 பாகைச் சரிவில் 200 கிலோ ஏற்றினால் காலுக்கு வருவது உராய்வு நீங்கலாக 141 கிலோ அளவு. வண்டியின் சொந்த எடை மெஷினுக்கு மெஷின் மாறும். எனவே இன்னொரு ஜிம்மின் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. கீழே இறங்கும்போது இடுப்பு இருக்கையை விட்டு எழும்பினால் அடிமுதுகு சுமையோடு மடங்குகிறது. முதுகுக்கு ஓய்வு என்று நினைத்து வந்த இடத்திலேயே முதுகு பிடிக்கும் காரணம் இதுதான். முதுகுப் பலகையை ஒரு துளை பின்னால் சாய்த்து, இடுப்பு எழும்பும் இடத்துக்கு 2, 3 செ.மீ. முன்னதாகவே தடுப்பைப் போட்டுவிடுங்கள். மேலே முழங்காலைப் பூட்ட வேண்டாம்.

ரத்த அழுத்த விஷயத்தில் லெக் பிரஸ் இன்னும் கவனம் கேட்கிறது. 1985-ல் தமனிக்குள் நேரடியாக அளந்து செய்த ஆய்வில், இரண்டு காலாலும் லெக் பிரஸ் செய்த பாடிபில்டர்களின் சராசரி உச்ச அழுத்தம் 320/250 மி.மீ. பாதரசம், ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. உட்கார்ந்து செய்வதால் இதயத்துக்கு லேசு என்ற எண்ணம் இங்கே உடைகிறது. மூச்சைப் பிடித்தபடி, இனி முடியாது என்னும்வரை 12, 15 ரெப் (ஒருமுறை தள்ளி இறக்குவது ஒரு ரெப்) தள்ளுவதுதான் அழுத்தத்தை அப்படி ஏற்றுகிறது. ஒவ்வொரு ரெப்பிலும் மேலே வந்ததும் மூச்சை விடுங்கள், இரண்டு ரெப் மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். எடைப் பிரிவு ஏற ஏற அடிப்படை அழுத்தமும் ஏறுவது, குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு தடைபடுவது கனமான லிஃப்டர்களிடம் பார்க்கக்கூடியவை. வீட்டில் ஒரு பிபி கருவி வைத்திருப்பது இரண்டாவது பெல்ட் வாங்குவதைவிட உருப்படியான செலவு. அளவு தொடர்ந்து 140/90-ஐத் தொட்டால் மருத்துவரைப் பாருங்கள். பெல்ட்டைத் தளர்த்தினால் அது சரியாகாது.

ஹேக் ஸ்குவாட் முன்தொடைக்கு அருமை. முதுகு சாய்ந்திருப்பதால் உடலை முன்னால் சாய்த்து ஏமாற்ற முடியாது. பாதத்தைக் கீழே வைத்துக் குதிகால் எழும்பினால் முழங்கால் முன்புறம் முணுமுணுக்கத் தொடங்கும். பெல்ட் ஸ்குவாட் முதுகுத்தண்டில் சுமையே வைக்காமல் காலுக்கு வேலை கொடுக்கும். முதுகு பிடித்த வாரங்களில் இதைவிட நல்ல மெஷின் கிடையாது. பெல்ட் இடுப்பெலும்பில் அழுந்துவது மட்டும்தான் தொல்லை. கீழே ஒரு டவல் மடித்து வையுங்கள்.

பார் தண்டவாளத்தில் மட்டும் ஏறி இறங்கும் ஸ்மித் மெஷினைப் பவர்லிஃப்டருக்குப் பெரிதாகப் பரிந்துரைக்க மாட்டோம். பெஞ்சில் பார் கீழ் மார்பிலிருந்து தோளை நோக்கி வளைந்து ஏற வேண்டும், இங்கே அது நேர்கோட்டில் ஏறுகிறது. எதிர் எடை உள்ளவற்றில் பாரின் எடையும் 20 கிலோ இருக்காது. சாய்வான ஸ்மித் என்றால், மேலே போகும் பார் முகத்தின் பக்கம் வரும்படி படுங்கள். மாற்றிப் படுத்தால் தோளின் முன்புறத்தில் சுமை ஏறும்.

எடைக்கு எதிராக முழங்காலை மடக்கும் லெக் கர்லைத் தவிர்ப்பதுதான் இந்த விளையாட்டில் அதிகம் நடக்கும் தப்பு. ஸ்குவாட்டில் பின்தொடைத் தசை பெரிதாக வளர்வதில்லை. அது இடுப்பையும் முழங்காலையும் கடப்பதால் ஒரு முனையில் சுருங்கும்போதே மறுமுனையில் நீள்கிறது. உட்கார்ந்து செய்யும் லெக் கர்ல் படுத்துச் செய்வதைவிட அதிக வளர்ச்சி தந்தது என்று 2021-ல் வந்த ஆய்வு காட்டியது. இடுப்பு மடங்கியிருப்பதால் தசை நீண்ட நிலையில் உழைக்கிறது. முழங்கால் மூட்டு மெஷினின் அச்சுக்கு நேரே இருக்க வேண்டும், பட்டை குதிகாலுக்குச் சற்று மேலே. 3 செட், 8 முதல் 12 ரெப், இறக்கும்போது 3 விநாடி.

உட்கார்ந்து முழங்காலை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு தனிப் பயன் உண்டு. முழங்கால் சில்லுக்குக் கீழே தசைநாண் வலிக்கும் நாளில், முழங்காலை 60 பாகையில் மடக்கி, உச்ச முயற்சியின் 70 சதவீதம் அளவில் அசையாமல் 45 விநாடி பிடியுங்கள். இடையே 2 நிமிடம் விட்டு, 5 முறை. 2015-ல் வந்த சிறிய ஆய்வில் இதற்குப் பின் முக்கால் மணி நேரமாவது வலி தணிந்திருந்தது. ஸ்குவாட்டின் முக்கிய செட்களை முடிக்க அது போதும். வலியைத் தணிக்கும், தசைநாணைக் குணப்படுத்திவிடாது. மார்பைப் பலகையில் சாய்த்து இழுக்கும் ரோ, மேலிருந்து கீழே இழுக்கும் லாட் புல்டவுன் இரண்டும் டெட்லிஃப்ட் நாளுக்கு மறுநாள் வைத்துக்கொள்ளலாம். அடிமுதுகுக்கு வேலை வராது.

மெஷினிலும் உடையும் பாகங்கள் உண்டு. கப்பி ஓரத்தில் கேபிளின் உறை கிழிந்து கம்பி தெரிந்தால் அன்றே பயன்பாட்டை நிறுத்த வேண்டும். எடை அடுக்கின் ஊசி முழுதாக உள்ளே போயிருக்கிறதா பாருங்கள். தொலைந்த ஊசிக்கு ஏதோ ஒரு போல்ட்டைச் செருகுவது கால்விரலில் முடியும். வழிகாட்டித் தண்டைத் துடைத்து சிலிக்கான் ஸ்ப்ரே அடியுங்கள். உராய்வு கூடினால் ஏற்றும்போது கனக்கும், இறக்கும்போது லேசாகும். எடை அதே என்று எழுதியிருந்தும் பயிற்சி மாறிவிடும்.

சீசனில் கலப்பது

போட்டிக்கு 12 வாரத்துக்கு மேல் இருக்கும்போது கால் செட்களில் பாதி மெஷினில் இருக்கலாம். 8 வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு. கடைசி 4 வாரத்தில் லெக் பிரஸ், ஹேக் ஸ்குவாட் இரண்டையும் நிறுத்திவிட்டு லெக் கர்ல், ரோ, புல்டவுன் மட்டும் இரண்டு மூன்று செட். கனமான கடைசி டெட்லிஃப்ட் 10 நாள் முன்பு, ஸ்குவாட் 7 முதல் 10 நாள், பெஞ்ச் 5 முதல் 7 நாள். அதற்குப் பின் மெஷினில் புதிதாக எதையும் தொடாதீர்கள். பழகாத அசைவின் தசை வலி இரண்டு மூன்று நாள் தங்கும். முதல் முயற்சி உச்சத்தின் 90 முதல் 92 சதவீதம், அந்த உச்சமும் பாரில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

முதுகு பிடித்தால் பாரை முற்றாக விட்டுவிட வேண்டியதில்லை. முதல் வாரம் பெல்ட் ஸ்குவாட், லெக் கர்ல், மார்புத் தாங்கல் ரோ. பிறகு காலிப் பாரிலிருந்து, கீழே 2 விநாடி நிறுத்தும் ஸ்குவாட். வலி பத்துக்கு மூன்றுக்கு மேல் போகாத எடையில் நிறுத்துங்கள். மறுநாள் காலை வலி கூடவில்லை என்றால் அடுத்த முறை 5 சதவீதம் ஏற்றுங்கள், கூடினால் ஒரு படி இறங்குங்கள். தொடை இடுக்கில் மரத்துப்போவது, சிறுநீரைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் போவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் பயிற்சி பற்றிய பேச்சே வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

போட்டி முடிந்த முதல் வாரம் பாரைத் தொடாமல் இருக்கலாம். லெக் கர்ல், புல்டவுன், லேசான எடையில் லெக் பிரஸ் என 15 முதல் 20 ரெப்கள், எதிலும் நான்கைந்து ரெப் மிச்சம் வைத்து. உள்ளங்கைத் தோல் ஆறி, உட்கார்ந்து எழும்போது இடுப்பு முனகாத நாளில் காலிப் பாரோடு ரேக்குக்குப் போகலாம்.